ஷாங்காய் சந்தில் ஒரு கிருத்திகைச் சாப்பாடு

அண்ணி,

இன்று காலை டீக்கு இஞ்சி தட்டினேன். வாசனை எழுந்ததுமே ஷாங்காயில் அந்தச் சந்து வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே வேலைக்குப் போயிருந்த செந்தில், சீனத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னான். அண்ணன் போன பிறகு நீங்கள் தனியாக வளர்த்த ஒரே பிள்ளை. "நேர்ல போயி கையோட கூட்டியாந்துடுறேன், நீயும் வா" என்று என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

அவன் குடியிருந்த மாடியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை கண்ணாடிக் கட்டடங்கள். நடுநடுவே பழைய ஓட்டு வீடுகள். அந்தப் பெண் லின்னிடம் நீங்கள் முகம் கொடுத்தே பேசவில்லை.

பிறகு அவள் அம்மா நம்மைச் சாப்பிடக் கூப்பிட்டார். குறுகிய சந்து. தலைக்கு மேலே மூங்கில் கழிகளில் ஈரத்துணி. சுவரில் வட்டம் போட்டு ஏதோ எழுதியிருந்தது. "இடிக்கப் போறாங்கன்னு அர்த்தம்மா. இங்கயும் டவர் வருது" என்றான் செந்தில்.

அன்று உங்களுக்குக் கிருத்திகை விரதம். கவிச்சி வாடைக்குப் பயந்து வாசலிலேயே நின்றீர்கள். அந்த அம்மா உங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த பழக்கத்தில், முன்னால் வைத்த கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். அடியில் விலைச்சீட்டு கிழிபடாமல் இருந்தது.

"நீங்க இன்னிக்கு கவிச்சி தொடமாட்டீங்கன்னு லின் சொல்லியிருக்கா. உங்களுக்குன்னே சட்டி, கிண்ணம் எல்லாம் புதுசா வாங்கினாங்களாம்" என்றான் செந்தில்.

இஞ்சி போட்டு வதக்கிய கீரையைச் சாப்பிட்டீர்கள். இன்னொரு முறையும் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பிறகுதான் கேட்டீர்கள்.

"இந்த வூட்ட இடிச்சிட்டா இவங்க எங்கடா போவாங்க?"

"எங்களோட வந்துடுங்கன்னு சொல்லியிருக்கோம்மா."

"வேற புள்ளைங்க?"

"லின் மட்டுந்தான்."

அந்த அம்மாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகனுக்கென்று முந்தானையில் முடிந்து வந்த நம்மூர்க் கொளஞ்சியப்பர் கோயில் திருநீற்றை எடுத்து லின் நெற்றியில் பூசினீர்கள். "நீ இங்கயே இருடா. இவங்கள நல்லாப் பாத்துக்க."

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "புள்ளயக் கூட்டியாரப் போனீங்களே, எங்கங்க?"

"அவனுக்கு அங்கயும் ஒரு அம்மா இருக்காங்க" என்று சிரித்தீர்கள். குரலில் பிசிறே இல்லை. ஆனால் உங்கள் கை என் தோளை இறுகப் பற்றியிருந்தது. வீடு வரும்வரை நீங்கள் பிடியை விடவில்லை.

என் மகள் வேலைக்காக வெளியூர் பஸ் ஏறும்போதெல்லாம் அந்தப் பிடி என் தோளில் விழுகிறது, அண்ணி. நானும் சிரித்தபடியே கையசைத்துவிடுகிறேன்.