மூன்றாவது முழுக்கு

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் அப்பாதான் இருக்கிற சுகத்தையும் கெடுத்துக்கொண்டார். போன செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டிய இருதய ஆபரேஷன் நடக்கவில்லை. ஏன் தெரியுமா, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மனுஷன் முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி நமக்குத் தெரியாத ஏதோ ஒரு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வந்து நிற்கிறார். தலை நனைந்திருக்கிறது, முடி அப்படியே இருக்கிறது. மறுநாளே காய்ச்சல், சளி. நெஞ்சில் சளியை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர் ஒரு வாரம் தள்ளிவிட்டார். எப்படிச் சளி பிடித்தது என்று கேட்டதற்கு, "குளிச்சேன் டாக்டர்" என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது மூன்றாவது தடவை. வாலிபத்தில் ஒன்று. லிப்ட் கம்பெனியில், சோதித்துப் பார்க்காத லிப்டைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் தானே போய்ச் சொன்னாரே, அதற்குப் பிறகு ஒன்று. இப்போது, ஆபரேஷன் மேசையிலேயே செத்துப்போனால் கர்த்தர் அந்தக் கையெழுத்தை எடுத்து நீட்டுவாரோ என்று பயம். நம் பாஸ்டர் வீட்டுக்கே வந்து, "உடன்படிக்கை பண்ணினவர் கர்த்தர், நீங்க தடுமாறினதுக்காக அவர் வாக்கு மாறுவாரா?" என்று பொறுமையாகச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். பாஸ்டர் செருப்பு மாட்டுவதற்குள், நாலாவது எடுத்தால் தப்பா என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பண்ணினீங்களே, உள்ளே நிக்கிறவன் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருக்கிறதாலயா அது விழாம இருக்குன்னு கத்திவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இல்ல, மேல இருக்கிற கயிறுதான் தாங்குது" என்றார். பிறகு ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வருகிற செவ்வாய் காலை ஏழு மணிக்குள் போன் பண்ணு. புத்தி சொல்லாதே, அதெல்லாம் நான் வேண்டிய மட்டும் சொல்லியாயிற்று. சும்மா பேசு. சத்து மாத்திரை போட்டாயா என்று உன்னையும் கேட்க வேண்டியிருக்கிறது, போட்டுக்கொள்.

ஏன் இவ்வளவு கோபம், என் ரட்சிப்பில் உனக்கும் சந்தேகமா என்று நேற்று அப்பா கேட்டார். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லையடி. கர்த்தர் அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்வார். இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஜெபத்தோடும் கோபத்தோடும்,
உன் அம்மா