அவங்கட புதுக் கோச்

இஞ்சாருங்கோ,

உங்கள் கதிரையின் குஷனை இன்று காலைதான் கழற்றிக் கழுவினேன். நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் அதில் நோவெண்ணெய் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பியில் கொழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். காற்று அடித்தபோது சிட்னியின் இந்தக் கிரவீன் பகுதி முழுக்க உங்கள் இடது முழங்கால் மணப்பது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்போதும் உங்கள் கூட்டாளிகள் வருகிறார்கள். இன்றைக்கும் வந்தார்கள். ஊரிலிருந்து உதைபந்தாட்டச் செய்தி ஒன்று வந்திருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லிவிட எனக்குத் தெம்பில்லை. முதலிலிருந்து வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் பேசும்போது பொறுமையாகக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் நீங்கள். இனிப் பழகலாம்.

பள்ளிக்கூடம் விட்டு எத்தனையோ வருடமான ஒரு மனிதர், ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இதோ விளையாட இறங்கப்போகிறேன் என்பது போல நோவெண்ணெய் பூசுவார் என்று கலியாணம் பேசும்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரி ஆட்டத்தில் அடிபட்ட கால் அது. அடித்தவன் எங்கள் கல்லூரிப் பெடியன். என் அப்பா படிப்பித்ததும் என் தம்பி படித்ததும் அந்தக் கல்லூரியில்தான். யாழ்ப்பாணத்தில் உங்கள் கல்லூரிக்கும் எங்கள் கல்லூரிக்கும் வருடத்துக்கு ஒரு ஆட்டம். மிச்சம் முழுவதும் அதைப் பற்றிய சண்டை. பெண் பார்க்க வந்தபோது உங்கள் அம்மா என் சாதகத்தைப் பார்த்தார், நீங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தீர்கள். "அவங்கட ஆக்களோ?" என்று தரகரிடம் கேட்டீர்களாம். அதன்பிறகும் என்னைக் கட்டினீர்கள் என்பதைப் பெரிய தியாகம் போலச் சிட்னிக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

எழுபத்து நான்கில் இந்த ஃபைப்ரோத் தகட்டுச் சுவர் வீட்டுக்கு வந்தபோது நம் தெருவில் தமிழ்ச் சத்தம் கிடையாது. பக்கத்து வீட்டு மனிதர் உங்களை ஒருமுறை தங்கள் ஊர் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். திரும்பி வந்து, "கையில தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு ஏன் ஃபுட்போல் எண்டு பேர் வச்சவங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தீர்கள். பிறகுதான் உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் இருவர் அகப்பட்டார்கள். குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து பழைய காரில் இரைந்துகொண்டு வரும் பாலா. உங்களைவிட மூத்த, கணக்காளர் வேலை பார்க்கும் சிவஞானம் அண்ணை. அவர் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து குடையோடு நடந்து வருவார்.

ஊர்ப் பேப்பர் இங்கே வந்து சேரும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். அங்கே ஆட்டம் முடிந்து, வென்றவர்கள் வெடி கொளுத்தி, தோற்றவர்கள் அழுது, பெடியள் தவணைச் சோதனைக்குப் படிக்கவும் தொடங்கியிருப்பார்கள். இங்கே நீங்கள் மூவரும் குசினி மேசையில் என் சீனிப் போத்தலையும் உப்புப் போத்தலையும் பரப்பிவைத்து, யாரை எங்கே நிறுத்தவேண்டும் என்று பிடுங்குப்படுவீர்கள். மிளகாய்த்தூள் டின்தான் எப்போதும் கோல் காக்கும் கோலி. கடலைவடை சுட்டுக்கொண்டிருக்கும் நான் உப்பு வேண்டுமென்றால், ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்கவேண்டும்.

அந்தப் பேச்சில் என்னைக் களைக்கவைத்தது வேறொன்று. "எங்கட", "அவங்கட" என்று இரண்டு சொல்லை வைத்தே முழு ஞாயிற்றுக்கிழமையையும் ஓட்டுவீர்கள். அந்த "அவங்கள்" என் அப்பாவும் என் தம்பியும் என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. நானும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுவேன்.

தம்பி ஊரில் தனியே இருந்தான். அம்மாவும் போனபிறகு அந்த வீட்டில் அவனும் ஒரு நாயும்தான். எனக்கென்று மிஞ்சிய ஒரே ஆள். அவனை இங்கே எடுப்பிக்கச் சொல்லி உங்களைக் கெஞ்சினேன். "பாப்பம்" என்றீர்கள். தைப்பொங்கலுக்கும் பாப்பம், வருடப்பிறப்புக்கும் பாப்பம், தீபாவளிக்கும் பாப்பம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலையிடி வரத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அவனுடைய கடிதம் வந்தது. எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு அவனைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். நீங்கள் மூவரும் இருந்த மேசையில் வைத்தே உரக்க வாசித்தேன். செத்த வீடு போல ஆகிவிட்டது. பாலா கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தான். அவன் வடையைத் திரும்ப வைத்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"முடிஞ்சுது. இனிக் கப்பை நாங்கள் படத்திலதான் பாக்கலாம்" என்றான்.

"சும்மா இரு. அவனுக்கு என்ன தெரியும்? பந்து உருண்டை எண்டதிலயே அவனுக்குச் சந்தேகம்" என்றீர்கள்.

"அப்ப ஏன் அண்ணை உப்புப் போத்தலை விடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்?" என்று பாலா உங்களைக் கேட்டான்.

பிறகு தொடங்கினீர்கள் பாருங்கள். அவன் ஓட்டம் சரியில்லை, அவன் நடை சரியில்லை, முந்தி ஒரு ஆட்டத்தில் அவன் அடித்த பந்து பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் விழுந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுப் பாலா என் பக்கம் திரும்பினான். "அக்கா, குறை நினையாதேங்கோ."

"நான் ஏன் குறை நினைக்கிறன்? பயப்பிடுறது நீங்கள்" என்றேன்.

சிவஞானம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு கவலைப்படுறியள். அந்தப் பெடியனை இஞ்ச கூப்பிட்டுவிட்டா என்ன?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடுத்த நாளே, "பாப்பம்" என்று வருடக்கணக்காய்ச் சொன்ன மனிதர் ரயில்வே கந்தோரில் அரைநாள் லீவு எடுத்துக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனார். பாலா தன் தொழிற்சாலையில் தம்பிக்கு வேலை தருவதாக வாக்கு வாங்கினான். தம்பிக்கு அந்த வேலை தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணை பத்திரமெல்லாம் தானே தட்டச்சுச் செய்து கொண்டுவந்தார். என் தம்பி மேல் உங்களுக்குப் பாசம் கொஞ்சம், கப்பின் மேல் ஆசை அதிகம் என்பது தெரிந்துதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அவன் வந்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

விசா கிடைத்தது. அவன் வரவில்லை. "இந்த மட்ச் முடியட்டும் அக்கா" என்று எழுதினான். அந்த மட்சில் உங்கள் கல்லூரியைத் தோற்கடித்துத் தந்தியும் அடித்தான். தந்தியை வாசித்துவிட்டு நீங்கள் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றீர்கள். பிறகு, அடுத்த மட்சும் முடியட்டும் என்று எழுதினான். பிழை பாலாவிலும் இருந்தது. "கெதியா வாடாப்பா, நீ அங்க இருக்குமட்டும் எங்களுக்குக் கப் இல்லை" என்று அவனுக்குப் பகிடியாக ஒரு கடிதம் போட்டிருந்தான். தம்பி அதை மைதானத்தில் வைத்துப் பெடியளுக்கு வாசித்துக் காட்டினானாம். எதிரியே இப்படிக் கெஞ்சினால் எந்தக் கோச் எழும்பி வருவான்?

பிறகு எழுபத்தேழு ஆவணி வந்தது. இலங்கைக் கலவரச் செய்தியை இங்கே ரேடியோவில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் காலநிலைக்குப் போய்விட்டார்கள். தெற்கில் அடிபட்ட தமிழ்ச் சனம் கப்பலில் வந்து இறங்குகிறது, கல்லூரி மண்டபத்தில் தங்கவைத்திருக்கிறோம் என்று தம்பி எழுதினான். அதற்குக் கீழேயே, ஆட்டம் தள்ளிப்போய்விட்டது, அது முடியுமட்டும் தான் நிற்கவேண்டும் என்றும் எழுதினான். விசாவின் தவணை முடிந்துகொண்டு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பான்" என்றேன்.

"நான் சொன்னா, அத்தான் கப்புக்காகக் கூப்பிடுறார் எண்டுதான் நினைப்பான்" என்றீர்கள்.

அது உண்மைதான். அதனால்தான் எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கிழமை முழுக்க உங்களோடு அதிகம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு எனக்குச் சொல்லாமல் ஊருக்கு ட்ரங்க் கோல் புக் பண்ணியிருந்தீர்கள். ஊரில் தம்பி இருந்த வீட்டில் போன் இல்லாதபடியால் எங்கள் கல்லூரி அலுவலகத்து நம்பருக்கு. தம்பியைப் போனடியில் நிற்கச் சொல்லித் தந்தியும் அடித்திருந்தீர்கள். வாழ்நாளில் அந்தக் கல்லூரியின் பேரை முழுதாகச் சொல்லமாட்டேன் என்றிருந்த வாய், ஒப்பரேட்டரிடம் எழுத்துக்கூட்டிச் சொன்னது. ஒரு கால்சட்டைக் கால் சுருட்டியபடி, முழங்காலில் எண்ணெய் மினுங்க, இந்தக் கதிரையில்தான் இருந்தீர்கள். பாலாவும் அண்ணையும் பக்கத்தில். நான் குசினி வாசலில்.

"தம்பி, இது கப் விசயமில்லை" என்று தொடங்கினீர்கள். அந்தப் பக்கம் அவன் சிரித்திருக்கவேண்டும். உங்கள் முகம் மாறியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்:

"சரி, கேள். உங்கட பள்ளிக்கூடம் எங்களை விடத் திறம். உன்னைப் போல ஒரு கோச் எங்களிட்ட இல்லை. நாங்கள் தோத்துப்போனம். பாலாவும் சிவஞானம் அண்ணையும் பக்கத்தில நிண்டு கேக்கினம். இனி நீ எங்களுக்கு வெண்டு காட்ட ஒண்டும் மிச்சமில்லை. அக்கா சாப்பிடுறா இல்லை, மச்சான். வா."

பாலா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தம்பியின் குரல் எனக்கே கேட்டது:

"அத்தான், லைன் கிளியர் இல்லை. திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னீர்கள். முதல் தரத்தைவிட இரு மடங்கு சத்தமாக, ஒரு சொல் விடாமல். பக்கத்து வீட்டு மனிதர் ஏதோ நடந்துவிட்டதென்று வேலிக்கரைக்கு வந்துவிட்டார். போனை வைத்துவிட்டு, "தேத்தண்ணி கொண்டுவா" என்றீர்கள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அழுதேன். உங்களைக் கட்டியதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை. அதை உங்களிடம் சொன்னால் தலையில் ஏறிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை.

தள்ளிப்போன ஆட்டத்தை விட்டுவிட்டுத் தம்பி வந்தான். விமான நிலையத்தில் பெட்டியைக் கீழே வைக்குமுன்னே, "அத்தான், லைன் முதல் தரமே கிளியர். பெடியள் வெளியில நிண்டவங்கள். அவங்களையும் கூப்பிட்டுக் கேக்க வைக்கத்தான் திருப்பிச் சொல்லச் சொன்னனான்" என்றான். அடிக்கக் கை ஓங்கிவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தீர்கள்.

அதன்பிறகு மேசையில் நான்கு பேர். சீனிப் போத்தல் உங்களுக்கு, உப்புப் போத்தல் அவனுக்கு. தொழிற்சாலைப் புழுதியோடு வந்து கை கழுவாமல் சண்டைக்கு உட்காருவான். உங்கள் இரண்டு பேரின் சத்தத்தில் எனக்குத் தலை இடிக்கும், ஆனால் வீடு வீடாக இருந்தது. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான் கிடைத்தது. முழங்கால்தான் உங்களைக் கடைசிவரை வருத்தும் என்று நினைத்திருந்தேன், நெஞ்சைப் பற்றி நினைக்கவே இல்லை. வேலைக்குப் போன மனிதரை ஸ்டேஷன் படியிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

இப்போது செய்திக்கு வருகிறேன். தம்பியின் பழைய பெடியன் ஒருவன் அவனுக்கு எழுதியிருக்கிறான். இந்த வருட ஆட்டம் முடிந்துவிட்டது. தம்பியின் இடத்துக்கு வந்த புதுக் கோச்சால் ஒன்றும் பண்ணமுடியவில்லை. உங்கள் கல்லூரி வென்றுவிட்டது.

இன்று மத்தியானம் தம்பி அதைக் குசினி மேசையில் வாசித்தான். பாலா கூவுவதற்கு வாயைத் திறந்தான், பிறகு உங்கள் கதிரையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். குஷன் இல்லாமல் வெறும் பலகையாக இருந்தது அது. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வென்றவர்கள் இருவரும் அப்படி இருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

தம்பி எழும்பினான். உங்கள் கதிரைக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அத்தான், உங்கட பள்ளிக்கூடம்தான் திறம். நாங்கள் தோத்துப்போனம்."

மெதுவாகத்தான் சொன்னான். சிவஞானம் அண்ணை தலை நிமிராமல் சொன்னார்:

"லைன் கிளியர் இல்லை, தம்பி. திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான். பாதியில் நிறுத்திவிட்டான். மிச்சத்தைப் பாலா சொல்லி முடித்தான்.

அவர்கள் போய்விட்டார்கள். தம்பி பின்வளவில் இருக்கிறான். குஷனை எடுத்து வந்து கதிரையில் போட்டுவிட்டேன். மணம் குறைந்திருக்கிறது, போகவில்லை. இனிக் கழுவமாட்டேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. பத்திர அலுவலாய்க் கந்தோருக்குப் போய் வருவதும் சமைப்பதும் ஆட்களுக்குப் பதில் சொல்வதும் எல்லாமே களைப்பு. அப்படியான நேரங்களில், கண்ணை மூடிக்கொண்டு போனில் கத்திய உங்கள் குரலை நினைத்துக்கொள்கிறேன். ஒருதரம் சொல்லவே உயிர் போகும் ஒன்றை எனக்காக இரண்டு தரம் சொன்னீர்கள். அது இருக்கிறது என்னிடம்.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தானே. என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

கேட்டதா? கேட்காவிட்டால் சொல்லுங்கோ. நான் திருப்பிச் சொல்கிறேன்.