குன்சேஸ் பக்கத்துக் கிளைகள்

டிசம்பர் 20, லோசார் – லடாக் புத்தாண்டு

இன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் தார்ச்சின், பக்கத்து வீட்டுக் குன்சேஸ், அவள் கணவன் இஷே, அவள் மாமனார் தோன்டுப் – ஊருக்கே மேமே, தாத்தா. மொத்தம் ஐந்து பேர். இரண்டு வீட்டுக்கும் குலதெய்வம் ஒன்று. இரத்த உறவு இல்லாவிட்டாலும் பங்காளிகள். தெய்வ மேடையிலிருந்து சாமிக்குப் புகைபோடும் ஷுக்பா என்கிற ஜூனிப்பர் மரத்தின் போன வருடத்துக் கிளைகளை எடுத்துவிட்டுப் புதியவை செருகினோம். முதல்முறையாக எல்லாமே என் தோட்டத்தில், குன்சேஸ் வீட்டுச் சுவரோரம் நிற்கும் மரத்துக் கிளைகள். எட்டு வருடம் முன் நான் கன்று கொண்டுவந்தபோது குழி தோண்டித் தந்தவர் மேமே.

பூஜை முடிந்ததும் குன்சேஸ் அக்கா முறை வைத்துச் சொன்னாள்: "அச்சே, பனி உறையறதுக்கு முன்னாடி நீங்க தண்ணியே காட்டல. மரம் இந்தக் குளிரத் தாண்டாது, பாத்துக்கோங்க."

"பாறையிலகூட வளர்ற மரம்டி அது. உன் வீட்டு முள்ளங்கின்னு நெனச்சியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

ஆனாலும் நல்ல நாளில், சாமி முன்னால் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரலாமா?

காலைக் குளிர் மைனஸ் 19.

டிசம்பர் 29

மைனஸ் 23. பூஜையறையில் காலையில் ஏழு கிண்ணம் தண்ணீர், குங்குமப்பூ போட்டு. மாலையில் எடுத்து ஷுக்பாவின் அடியில் ஊற்றினேன், என்றும்போல. சாமி தண்ணீர் கால் படும் இடத்தில் விழக்கூடாது. தோட்டத்தில் அதைவிடச் சுத்தமான இடம் ஏது?

ஜனவரி 9

மைனஸ் 27. என் வீட்டுப் பக்கம் ஷுக்பாவின் கிளை நுனிகள் பழுப்பு. எண்ணினேன் – பதினொன்று.

ஜனவரி 14

கண்ணால் பார்த்தேன். விடிந்ததும் மாட்டுக்குத் தவிடு எடுத்துக்கொண்டு வருகிறேன், குன்சேஸ் தன் பக்கச் சுவரின் மேல் குனிந்து, கெட்டிலிலிருந்து என் மரத்தின் அடியில் எதையோ ஊற்றுகிறாள். ஆவி பறக்கிறது. என்னைப் பார்த்ததும் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

உப்பு டீ போடுகிற கெட்டில் அது. எனக்குத் தெரியாதா?

லோசாரன்று சொன்ன சொல்லைத் தானே பலிக்கவைக்கிறாள். நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒரு கதை தயாராக வைத்திருப்பாள். எனக்கும் ஒரு நாள் வரும்.

ஜனவரி 23

இதோடு நான்கு தடவை ஊற்றிவிட்டாள். பழுப்பு நுனி முப்பத்தாறு. அவளிடம் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தரவில்லை. சாங், அதான் பார்லிக் கள், போட ஈஸ்ட் கேட்டு இஷேயை அனுப்பினாள், இல்லை என்றேன். தார்ச்சினுக்கு எல்லாம் விளையாட்டு. "மைனஸ் முப்பதுலயும் நிக்கிற மரம் அது. குளிருக்கு நெறம் மாறுது, அவ்வளவுதான். உன் கோபத்துக்குத்தான் ஸ்வெட்டர் போடணும்" என்கிறார். சிரிக்கட்டும்.

காலையில் நூற்றெட்டு நமஸ்காரம் செய்தேன். பாதி நேரம் அவள் முகம்தான் கண்முன் நின்றது. தெய்வமே, அதையும் நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிப்ரவரி 6

மேமே தோன்டுப் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே.

பனியில் கணவாய் மூடிக் கிடக்கிறது, வெளியிலிருந்து எதுவும் வராது. சாவு வீட்டில் புகைபோட ஊரில் எவரிடமும் ஷுக்பா மிச்சமில்லை. என் சரக்கறையில் அரை மூட்டை இருக்கிறது. குன்சேஸே வந்தாள், தலையில் தொப்பிகூட இல்லாமல்.

"ஒரு கைப்பிடி போதும் அச்சே. மேமேக்கு."

"தீந்துபோச்சு."

சரக்கறைக் கதவில்தான் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"அப்ப மரத்துல ஒரு சின்னக் கிளையாவது..."

"மரத்தத்தான் நீ கொன்னுட்டியே."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றுகூடக் கேட்காமல் போய்விட்டாள்.

பிப்ரவரி 9

மேமேயை எரித்தார்கள். பங்காளி முறையில் தார்ச்சின் தோள் கொடுத்தார். காட்டு மாசிப்பத்திரியைப் போட்டுப் புகைத்தார்களாம். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தலை வலிக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன். பொய் எழுதுவதற்கு எனக்கு எதற்கு நோட்டு?

மார்ச் 17

மைனஸ் 9. அவள் சுவரோரம் வருவதேயில்லை. நல்லது.

ஏப்ரல் 24

பனி விலகிவிட்டது. மரத்தடியைக் கொத்தப் போனேன்.

என் பக்கம் மண்ணே இல்லை. ஐஸ். அம்மிக்கல் கனத்துக்கு, அடிமரத்தையும் தாழ்ந்த கிளைகளையும் கவ்விப் பிடித்திருக்கிறது. கடப்பாரையால் பிளந்தேன். உள்ளே அடுக்கடுக்காக மஞ்சள் கோடு.

குங்குமப்பூ.

குன்சேஸ் பக்கம் ஐஸ் இல்லை. மண் பொலபொலவென்று இருக்கிறது.

மே 12

அவள் பக்கத்துக் கிளைகள் பச்சை பிடித்துவிட்டன. புதுத் துளிர்கூட வந்திருக்கிறது. என் பக்கம் தொட்டாலே உதிர்கிறது.

வாய்க்காலில் இஷேயைப் பார்த்துக் கேட்டேன். அவன் மண்வெட்டியிலிருந்து தலை எடுக்காமலே சொன்னான்: "சுடுதண்ணி அச்சே. வெதுவெதுப்பா. ஐஸ் மரத்த நெரிக்குது, உருக்கிவிடுன்னு அப்பாதான் சொன்னாரு. அவ கை எட்டின வரைக்கும் ஊத்தினா."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவகிட்ட சொல்லாத, சாமி தண்ணியக் குத்தம் சொல்றோம்னு சண்டைக்கு வருவா அப்படின்னாரு அப்பா."

வருவேன்தான். மேமேக்குத் தெரிந்திருக்கிறது. அரை மூட்டை இருந்ததும் தெரிந்திருக்குமோ இப்போது, போன இடத்தில்?

யாரைப் பழிவாங்கினேன் நான்? குழி தோண்டியவரை.

மே 13

ஏழு கிண்ணத் தண்ணீரையும் கழனி மேட்டில் ஊற்றினேன்.

மே 15

இன்று அவளுக்கு எழுதிக் கொடுத்தனுப்பியதன் நகல்:

குன்சேஸ், அன்று ஷுக்பா தீரவில்லை. அரை மூட்டை இருந்தது. மூட்டையை உன் சுவர்மேல் வைத்திருக்கிறேன், சல்லடையையும். மரத்தை நீ கொல்லவில்லை. உன் பக்கம் பிழைத்திருக்கிறது. மேமேயின் சாம்பல் இருக்கும் இடத்தில் அதிலிருந்து ஒரு கிளையைப் புகைக்கவேண்டும் என்றிருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்துக் கிளைகள் உன்னுடையவை. உன்னைக் கேட்காமல் கத்தி வைக்கமாட்டேன். வெட்டலாமா, கூடாதா? சீக்கிரம் பதில் சொல்லி அனுப்பு.