உன் வரைபடத்தைப் பார்த்துவிட்டேன்

விழுப்புரம்
ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் நானும் அம்மாவும் சுகம், மாவுக்கட்டு பிரித்த என் கால் முக்கால் சுகம். நீ சுகமாக இருப்பது அம்மாவிடம் பேசும்போது ஸ்பீக்கரில் வருகிற உன் குரலிலேயே தெரிகிறது, இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், சுகமாக இருக்கிறாயா கண்ணு. கையில் போனை வைத்துக்கொண்டு அப்பா எதற்குத் தபால் ஆபீசில் போய் நிற்கிறார் என்று நினைப்பாய். போனில் நாம் இருவரும் ஒன்றரை மாதமாக சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் போகவில்லை. நான் சொல்ல வேண்டியதை போனில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன், நீ உடனே அப்பாவுக்கு நெஞ்சு வலியா என்று அம்மாவைக் கேட்பாய், பேச்சு மாத்திரை மருந்துக்குப் போய்விடும். நர்சுப் பிள்ளையைப் பெற்றவனுக்கு இந்தத் தொல்லை உண்டு. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் வீட்டுச் சங்கதி. ஈஸ்டர் பூசைக்குக் கோல் ஊன்றிக்கொண்டே போய்விட்டு வந்தேன், சாமியார் எனக்கென்று முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். திண்டிவனத்திலிருந்து உன் அத்தை செண்பகம் வந்தாள், ஒரு மூட்டை மல்லாட்டையும் ஒரு மூட்டை புத்திமதியும் கொண்டு வந்தாள். மல்லாட்டை நல்ல பருப்பு, வறுத்துத் தின்றுகொண்டே இருக்கிறோம். புத்திமதி எல்லாம் உன்னைப் பற்றி, அதை அம்மா திரும்ப அவள் பையிலேயே போட்டு பஸ் ஏற்றிவிட்டாள். மீதியைப் பின்னால் சொல்கிறேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பின்வாசல் முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை.

பிப்ரவரியில் பாத்ரூமில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது உனக்குத் தெரியும். ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தூக்குத் தண்டனை மாதிரி இருந்தது. முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் கீமேனாக வேலை பார்த்தவன் நான், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் தினமும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தவன், ரிட்டயர் ஆன பிறகும் விடியற்காலை ஐந்துக்குக் கால் தானாக வாசலுக்குப் போகும். அந்தக் கால் கட்டிலில் கிடந்தால் வாய் சும்மா இருக்குமா, குழம்பில் உப்பு, குழாயில் சொட்டு, ஜன்னலில் தூசி என்று உன் அம்மாவைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் அவள் உன் அலமாரியைத் திறந்து, நீ விட்டுப் போன அந்தக் கறுப்பு கேம் பெட்டியை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, டிவிக்குப் பின்னால் போய் ஒயர் மாட்டி, பொத்தானை அமுக்கி, கைப்பிடியை என் மடியில் வைத்தாள். நான் திறந்த வாய் மூடவில்லை. எந்த ஒயர் எங்கே என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீங்கள் டூட்டிக்குப் போன பிறகு நாங்கள் ரெண்டு பேரும் தினமும் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோமே என்று சாதாரணமாகச் சொல்கிறாள் அம்மாடி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வாங்கிய முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டாக நீ அதை வாங்கி வந்தபோது சின்னப் பிள்ளையா நீ என்று நான் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கத்தலுக்குப் பிறகும் என் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

உள்ளே மூன்று ஆட்டம் இருந்தன. நகரத்தில் கார் ஓட்டுகிற ஆட்டத்தை நான் ஒரே நாளில் விட்டுவிட்டேன், சிக்னலில் நான் நிற்கிறேன், பின்னால் வருகிறவன் வந்து இடிக்கிறான், நம் நாலுமுனை ரோடே மேல். தீவு ஆட்டம் அம்மாவுக்கு. படகை நடுக்கடலில் நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் குதித்து மீனோடு மீனாக அரை மணி நேரம் சும்மா மிதப்பாள், புதையல் எடுக்கவே மாட்டாள், கேட்டால் எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பாள். எனக்கு அமைந்தது குதிரை ஆட்டம். மூன்று நாள் குதிரையை மரத்தில்தான் மோதினேன். நாலாம் நாள் ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தால் கீழே பள்ளத்தாக்கில் சிங்கிள் லைன், தண்டவாளம். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது. குதிரையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி லைனைப் பிடித்து நடக்க ஆரம்பித்தேன். ஆட்டம் அவ்வப்போது அந்தப் பண்ணைக்குப் போ, இந்தத் திருடனைப் பிடி என்று எழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. சர்வீஸ் முழுக்க மேலே இருப்பவன் சொன்ன இடத்துக்குப் போனவன், இதிலுமா. என்னோடு பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பாண்டுரங்கன் சாயங்காலம் பார்க்க வருவான் அல்லவா, அவனும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போடவே இல்லை, பாலத்துக்குப் பக்கத்தில் ஜல்லி பத்தாது, சைடிங்கில் பாயிண்ட் தப்பு என்று நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஊர் ரயில்வேயையே குறை சொல்லிக்கொண்டு போனோம். இரண்டு தடவை ரயில் வந்து என்னை அடித்துப் போட்டுவிட்டது. முதுகுப் பக்கம் பார்க்காத கீமேனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாண்டுரங்கன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. மூன்று நாளில் முழு லைனையும் சுற்றிப் புறப்பட்ட ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தேன். உன் அம்மா எங்கள் மூன்று பேருக்கும் கேசரி கிண்டினாள்.

இந்தச் சமயத்தில்தான், மார்ச் முதல் வாரம், நீ போன் பண்ணி மே மாதம் ஆஸ்பத்திரியில் லீவு போட்டுக்கொண்டு அங்கே அயர்லாந்தின் மேற்குக் கடற்கரை ஓரமாகப் பதினாறு நாள் தனியாக சைக்கிளில் போகப் போகிறேன் என்று சொன்னாய். குதிரையில் இருந்தவன் இறங்காமலேயே உன்னிடம் கத்தினேன். ஒரு பொம்பளப் புள்ள தனியா சைக்கிள்ல சுத்திக்கினு இருந்தா ஊர் இன்னா சொல்லும் என்றேன். இங்க ஊருக்கு என்னை யாருன்னே தெரியாதுப்பா என்று நீ மெதுவாகச் சொன்னாய். கூட யாராவது வந்தால் பார்க்கலாம் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அந்த சரிப்பா எனக்குப் பழக்கமான சரிப்பா கண்ணு, பத்து வயசிலிருந்து நீ சொல்வது, அதற்கு மேல் நீ ஒரு வார்த்தை பேசமாட்டாய். அன்றைக்கு ஜெயித்தது போல நினைத்துக்கொண்டு திரும்ப விளையாடப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆட்டத்தில் என் வரைபடத்தைத் திறந்து எவ்வளவு ஊர் பார்த்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகாத இடத்தையெல்லாம் அது கறுப்பாக மூடி வைக்கும், உனக்குத் தெரியும். என்னுடையதில் தண்டவாளம் போன வழி மட்டும் ஒரு மாலை மாதிரி வெளிச்சமாக இருந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. அம்மா பக்கத்தில் வந்து, அன்புவோடதைப் பாருங்கள் என்று வேறொரு பக்கத்தைத் திறந்தாள். உன் பெயர் போட்ட ஆட்டம். கறுப்பே இல்லை. மலை, பாலைவனம், பனி, ஏரி, ஏரிக்கு நடுவில் திட்டு, ஒரு ஒற்றையடிப் பாதை பாக்கி இல்லாமல் போய் வந்திருக்கிறாய். ஓரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம் என்று எழுதியிருந்தது. வடக்குக் கோடியில் கடலைப் பார்த்தபடி உன் ஆள் குதிரையோடு நின்றுகொண்டிருந்தாள், நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அங்கேதான் நிறுத்திவிட்டுப் போனாய் என்று அம்மா சொன்னாள். நான் இவ்வளவு நேரம் இதில் என்ன பண்ணினாள் என்று கேட்டேன். உன் அம்மா கோபமாகப் பேசவில்லை, முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"காலேஜ்ல செஞ்சிக் கோட்டைக்கு இட்டுக்கினு போனாங்க, நீங்க வேணாம்னீங்க. மெரினாவுக்குப் போனாங்க, அதுக்கும் வேணாம்னீங்க. ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிடுவீங்க. புள்ளைக்கு வெளிய போவ வழி இல்ல, அதான் இதுல போச்சு."

கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டேன் அம்மாடி. தினமும் நான் போய் வந்ததை எல்லோரும் சர்வீஸ் என்றார்கள், ரிட்டயர் ஆனபோது மாலை போட்டார்கள். நீ கேட்டதை ஊர் சுத்துவது என்றேன். காலை ஆறு வாரம் கட்டி வைத்ததற்கு நான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணினேன், உன்னை எத்தனை வருஷம் கட்டி வைத்தேன் என்று கணக்குப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ ஒரு நாள்கூடக் கத்தவில்லை. உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மலை ஏறியிருக்கிறாய். அப்பாவை மன்னித்துவிடு. நேரில் சொல்ல வேண்டியது, நேரில் சொல்ல எனக்கு வராது.

இருந்தாலும் பயம் என்று ஒன்று இருக்கிறதே, அது அன்றைக்கே போய்விடவில்லை. போன மாதக் கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறினேன். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது, பக்கத்தில் இருக்கிற கோட்டையை அவளும் பார்த்ததில்லை. நான் படி ஏறக் கூடாது, கீழே களஞ்சியம் வரைக்கும் காட்டிவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். அவள் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தாள், புடவையை இழுத்துச் செருகினாள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க இந்த நெழல்ல குந்துங்க. நான் மேல போய்ட்டு வர்றேன்."

தனியாகவா என்றேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். இரண்டே முக்கால் மணி நேரம் கண்ணு. குரங்கு வந்தால், மயக்கம் வந்தால், செருப்பு அறுந்தால் என்று எனக்குள் எல்லா ஸ்டேஷனும் வந்து போயின. இதற்கு முன்னால் யாரும் என்னை இப்படி உட்காரவைத்துவிட்டுப் போனதே இல்லை, நான்தான் போகிறவன், காத்திருந்தது எப்போதும் அவள். மழையில், புயலில், லைன் உடைந்த நாளில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். அப்புறம் போன் அடித்தது. உச்சியிலிருந்து பேசினாள், காற்றில் பாதி கேட்கவில்லை. ஏரி தெரிகிறது, ஊர் தெரிகிறது, பஸ் எறும்பு மாதிரி போகிறது என்றாள், பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கல்யாணமான புதிதில் கேட்டது. இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிவந்து, வியர்த்து, இருபது வயசு குறைந்து வந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் எனக்குத்தான் ஆனது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து விழுப்புரம் வரைக்கும் தூங்கினாள். நேற்று உன் அத்தை போனில் பெண் பிள்ளை தனியாகப் போகலாமா என்று மறுபடி ஆரம்பித்தபோது, அவ போவட்டும் செண்பகம், நான் போவச் சொல்லிட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஈஸ்டருக்கு வந்தபோது அம்மா அவளை மடக்கினாள், நேற்று நான்.

ஆகையால் நீ புறப்படு. இதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே, இருபத்தெட்டு வயசில் தினமும் எத்தனையோ உயிரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு நான் யார் அனுமதி கொடுக்க. அப்பா சந்தோஷமாக இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு போ, அவ்வளவுதான். நீ கிளம்புகிற மே பன்னிரண்டுக்குள் இந்தக் கடிதம் சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். தினமும் இரண்டு வேளை போன் பண்ணச் சொல்ல வேண்டும் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன், தோன்றும்போது பண்ணு. போகிற வழியில் நன்றாக ஒரு இடம் தெரிந்தால் அன்றைக்குப் போய்ச் சேர வேண்டிய ஊரை மறந்துவிட்டு அங்கேயே நில். பஞ்சர் ஒட்டுகிற சாமானும் மழைக்கோட்டும் பையின் மேலேயே இருக்கட்டும், அடியில் வைக்காதே. பிரேக் கட்டையைத் தினமும் காலையில் கையால் தொட்டுப் பார், கண்ணால் பார்த்தால் போதாது, இது முப்பத்தோரு வருஷ அனுபவம். முழங்காலுக்கு அம்மா தைலம் அனுப்புகிறாள். உன் பயணம் முழுவதும் மாதா உன் கூட வரட்டும், காற்று உன் முதுகுப் பக்கமே அடிக்கட்டும், நீ நூறு வயசு நல்ல காலோடு இரு. வழியில் யாராவது யாரோடு வந்திருக்கிறாய் என்று கேட்டால் தயங்காதே. தனியாகத்தான் வந்தேன், என் அப்பாவுக்குத் தெரியும் என்று சொல்.

உன் அன்பு அப்பா
ஆ. ஆரோக்கியராஜ்
கீமேன் (ஓய்வு), விழுப்புரம்