நீங்கள் நிறுத்திய முதல் ரயில்

அன்புள்ள அக்கா,

இன்று காலை நம் ஸ்டேஷன் மேடையின் பலகைகளைப் பெயர்த்து லோரியில் ஏற்றினார்கள். வெயில் ஏற ஏற, அவற்றில் ஊறியிருந்த தார் வாசம் பள்ளிக்கூடம் வரை வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். போன மழைக்காலத்தில் நீங்கள் காலமான செய்தி கிள்ளானிலிருந்து வந்தபோது எனக்கு எழுத வரவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்போது இங்கே ஸ்டேஷனே கிடையாது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போகிற ரயில்கள் நம் ரப்பர் தோட்டத்தில் நிற்காமல் ஓடும். இருந்தது ஒரு ரயில்வே கேட்டும், அதைக் காத்த உங்கள் வீட்டுக்காரரும்தான். அவர் குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டால் கொடியை நீங்கள் பிடிப்பீர்கள்.

என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. காய்ச்சலில் கண் செருகிவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், உடனே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மாட்டு வண்டியில் போனால் அரை நாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்து, ரயிலை நிறுத்தும்படி, அன்று கொடி பிடித்து நின்ற உங்களைக் கெஞ்சினேன். நீங்கள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். பச்சைக் கொடியைக் கீழே வைத்துவிட்டு, சிவப்பை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றீர்கள்.

ரயில் நின்றது. திட்டிக்கொண்டே இறங்கி வந்த டிரைவரிடம், "மொதல்ல புள்ளைய ஏத்துங்க. அப்புறம் திட்டுங்க" என்றீர்கள்.

மகன் பிழைத்தான். மறு வாரம் ரயில்வேயின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். யார் சொல்லி நிறுத்தினாய் என்று அவருடைய எழுத்து வேலை பார்க்கும் கிராணி தமிழில் கேட்டார். பத்தடி தள்ளி நான் நின்றிருந்தேன். நிறுத்தச் சொன்னது வாத்தியார் என்று தெரிந்தால் தோட்டத்து மேனேஜர் துரை என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்ற பயம். வாய் திறக்கவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாரும் சொல்லலைங்க. நான்தான் நிறுத்தினேன். நாளைக்கும் இப்படி ஒரு புள்ள வந்தா நிறுத்துவேன்" என்றீர்கள்.

உங்கள் குடும்பத்தைக் கிள்ளானுக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் ஏற்றிய அன்று மன்னிப்புக் கேட்க வந்தேன். "விடுங்க வாத்தியாரே. உங்க வேலை போயிருந்தா புள்ளைய யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டப் போய்விட்டீர்கள். நீங்கள் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷமே ரயில் இங்கே நிற்க உத்தரவு வந்தது. துரை எழுதிக் கேட்டதால் கிடைத்தது என்றார்கள். இருக்கலாம். ஆனால் நீங்கள் நிறுத்திக் காட்டிய பிறகுதான், இங்கேயும் ரயில் நிற்கும் என்றே எங்களுக்குத் தோன்றியது. பலகையில் ஒரு மேடை, மேலே தகரக் கூரை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற பெண்களும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கிறவர்களுமாகக் காலை ரயிலுக்கு நிற்க இடமிருக்காது. என் மகனும் வளர்ந்து அதில்தான் வேலைக்குப் போய் வந்தான்.

பிறகு ரோடு போட்டார்கள், பஸ் வந்தது, மேடை காலியானது. ஸ்டேஷனை மூடப் போகிறார்கள் என்று கேட்டதும் ஒரு மனு எழுதி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கைநாட்டு வாங்கி அனுப்பினேன். துரை எங்கள் எல்லாரையும் ஆபீசுக்கு முன்னால் நிறுத்தி, தன்னைக் கேட்காமல் மனு எழுதியது யார் என்று கேட்டார்.

மனு பலிக்கவில்லை, அக்கா. ஆனால் அன்றைக்கு ஓரடி முன்னால் வந்து, "நான்தாங்க" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.