ஹில்லா திருத்துவதில்லை

அன்பு மகளே,

பக்கவாதத்துக்குப் பிறகு கை தேறிவிட்டது. நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதனால் செவ்வாய்தோறும் இங்கே குவோப்பியோ நகர நூலகத்தில், பனிக் காலணியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, கூச்சமின்றி வாசித்துப் பழகவென்றே அங்கே கூட்டிவரும் ஹில்லா என்ற நாய்க்கு வாசித்துக் காட்டுகிறேன். என் காலில் தலை வைத்துக் கேட்கும்.

நேற்று ஒரே வரியில் மூன்று முறை சிக்கினேன்.

"தாத்தா, படத்தைக் காட்டுங்க, அதுக்குப் புரிஞ்சிடும்," என்றாள் அடுத்து வாசிக்கவிருந்த வில்மா.

நாய் அசையவில்லை. முழுப் பக்கத்தையும் முடித்துவிட்டேன்.

உன் ஏழு வயதில், வாத்தியார் புத்தியில், உன்னைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தித் திருத்தினேன். ஒருநாள் புத்தகத்தை மூடினாய். அப்புறம் என்னெதிரே நீ வாசித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பாயா? ஒரு பக்கம் வாசிக்கிறேன். தப்பு வரும். நீ திருத்தலாம்.

அப்பா