அய்யாவின் வெள்ளைச் சட்டை

மாசி 25, ஞாயிறு. கமுதி.

என் கால்நடை மருத்துவப் படிப்புக்கு உதவித்தொகை தரும் டிரஸ்டிலிருந்து இன்று வீடியோ எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். என்னைப் பெற்ற அய்யா மிளகாய்ப் பழம் பறிக்கும் வேலைக்குப் போகாமல், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார்.

"சட்டையக் கழட்டிட்டு நில்லுங்க பெரியவரே. அப்பத்தான் பாக்குறவங்க மனசு இரங்கும்" என்றார் கேமராக்காரர். அய்யா உடனே பொத்தானில் கை வைத்தார்.

"கழட்டாதீங்கய்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், குட்டி வெளிய வராம கெடந்த பக்கத்து வீட்டு ஆட்ட போன வாரம் நான்தான் காப்பாத்துனேன். தாயும் குட்டியும் அந்தா, அங்கன நிக்குது. அதை எடுங்க."

"அதுல அழுகை இல்லையேம்மா" என்று கேமராவை மூடிவிட்டார்.

அந்தப் பணம் இல்லையென்றால் நானும் மிளகாய்க் காட்டில் பழம்தான் பறித்துக்கொண்டிருப்பேன். அதை மறுக்கவில்லை. அதற்காக அய்யா எதற்கு...

கடைசி வருடப் பணம் வருமா, தெரியவில்லை. "ஒரு நிமிசம் கழட்டுனா என்ன தாயி" என்று அய்யா இன்னும் முனகுகிறார்.

நாளை வேறு டிரஸ்டுக்கு எழுதுவேன். அவர்களும் குடும்பப் படம் கேட்பார்கள். கேட்கட்டும். சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். விடிந்ததும் தேய்க்க வேண்டும்.